கோர்வ்லி மாளிகையின் வடக்குக் கட்டு

ரம்பத்தைப் பிடித்தவன் என் அண்ணன். அதை நான் மறுக்கவில்லை. அவனும் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. பிடிக்கச் சொன்னது யார் என்பதுதான் வழக்கு. சொன்னவரையும் அண்ணனையும் விட்டால் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

அண்ணன் பெயர் லென் புரீஸ். நான் எனிட். ஷ்ராப்ஷயர் மலைகளுக்கு நடுவே, கோர்வ்லி மாளிகையின் வாசல் வீட்டில் பிறந்தோம். பெரிய இரும்புக் கதவை ஒட்டி, காவலுக்கு இருப்பவனுக்காகக் கட்டிய இரண்டு அறை வீடு அது. அப்பா அந்தப் பண்ணையில் வேலி கட்டியவர். அவருக்குப் பிறகு லென் மாளிகையின் கூரை, மழைநீர்க் குழாய், சன்னல் என்று எல்லாவற்றையும் பழுது பார்த்தான். நான் மாளிகைக்குள் வீட்டுப் பொறுப்பில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அவன் மனைவி சீக்கிரம் போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. ஆக அந்த வாசல் வீட்டில் நாங்கள் இருவர்தான். வீடு எங்களுடையது அல்ல. வேலை இருக்கும்வரை இருக்கலாம், அவ்வளவுதான்.

கோர்வ்லியை முன்பக்கமிருந்து பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போனதில்லை. சிவப்புச் செங்கல், வரிசைக்கு ஏழு சன்னல், நடுவில் வெள்ளைக் கல்லில் முக்கோண முகப்பு. கம்பளி வியாபாரத்தில் செழித்த தர்லோ குடும்பத்தார் ஒருவர் 1724இல் எழுப்பியது. எழுப்பினார் என்பதைவிட ஒட்டவைத்தார் என்பதுதான் சரி. அதற்கு முன்பே அங்கே ஒரு வீடு இருந்தது. அதன் முகத்தில் புதிய செங்கலைப் பூசிவிட்டு, பழைய உடம்பைப் பின்னால் மறைத்துவிட்டார்கள். வடக்குக் கட்டு அப்படி மறைந்த பகுதி. தாழ்ந்த கூரை, ஈரம் ஏறிய சுவர், சமையலறை, துணி துவைக்கும் அறை, வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கூடம். விருந்தாளிகள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

மாளிகைக்கு இரண்டாம் தரப் பாதுகாப்பு இருந்தது. அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்ட வீடு. உள்ளூர்க் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் ஒரு சுவரை இடித்தால் குற்றம். பட்டியலில் முன்பக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரே வரி: "வடக்குக் கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு, குறிப்பிடும்படி ஏதுமில்லை."

"மழை நாள்ல வந்திருப்பான். கார்லேருந்து எறங்காமலே எழுதியிருப்பான்" என்று லென் சொல்வான்.

1984 மார்ச்சில் சர் ஆம்புரோஸ் தர்லோ மாளிகையை விற்கத் தீர்மானித்திருந்தார். வாங்க வந்தது ஓர் ஓட்டல் கம்பெனி. வடக்குக் கட்டை இடித்துவிட்டு அங்கே நாற்பது படுக்கையறை கட்ட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. இடிக்க அனுமதி கேட்டு மனு போயிருந்தது. வியாழக்கிழமை கவுன்சிலிலிருந்து ரூத் ஹாலம் என்ற பெண் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சர் ஆம்புரோஸைக் கெட்டவர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. என் அம்மா சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவர் அவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை காலை வேலைக்காரர் கூடத்தின் மேற்பூச்சு ஈரத்தில் உப்பிக்கொண்டு நின்றது. கவுன்சில்காரி வரும்போது தலையில் விழுந்துவிடக் கூடாதென்று லென் அதைத் தட்டி இறக்கப் போனான். கொஞ்ச நேரத்தில் அவன் கத்துவது சமையலறைவரை கேட்டது.

"எனிட்! வேலைய அப்படியே போட்டுட்டு வா! வந்து இதப் பாரு!"

ஓடினேன். ஏணியின் அடியில் நின்றிருந்தான். தலையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏறு."

"பாவாடை கட்டிக்கிட்டு ஏணில ஏறச் சொல்றியா?"

"இங்க யாரு பாக்கப் போறா? நான் பிடிச்சுக்கறேன். ஏறு புள்ள!"

பூச்சு விழுந்த ஓட்டையில் தலையை விட்டு, டார்ச்சை அடித்தேன். கூடத்துக்கு மேலே இன்னொரு கூடம் இருந்தது. தரையிலிருந்து கிளம்பி, சுவருக்குள் புதைந்து, இரண்டு பக்கமும் வளைந்து போய் உச்சியில் ஒன்றையொன்று தொடும் ராட்சத ஓக் மரங்கள். படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் நிற்பதுபோல இருந்தது. எல்லாம் கன்னங்கரேல் என்று கறுத்திருந்தன. கை வைத்தேன்; விரலில் கரி ஒட்டியது.

"அது அடுப்புக் கரி" என்றான் லென் கீழேயிருந்து. "புகைபோக்கின்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னால, கூடத்து நடுவுல தரையிலயே நெருப்ப மூட்டுவானுங்க. புகை மேல போய்க் கூரையோட இடுக்குல வெளியேறும். அந்தப் புகைதான் உன் விரல்ல இருக்கு. ஐநூறு, அறுநூறு வருஷம் இருக்கும்."

"இத்தன பெரிய வளைவு எப்படிக் கெடைச்சுது?"

"வளைஞ்ச மரத்தத் தேடிப் பிடிச்சு வெட்டியிருக்கான். நெட்டுவாக்குல ரெண்டாப் பொளந்து, புத்தகத்த விரிச்ச மாதிரி எதிரெதிரா நிறுத்தியிருக்கான். ஒரு ஜோடி ஒரு மரம். மொத்தம் நாலு ஜோடி. ஒரு இரும்பு ஆணி கெடையாது எனிட், எல்லாம் மர முளை. இது கீழ உக்காந்து இத்தன வருஷமா உருளைக்கிழங்கு தின்னுருக்கோம் பாரு."

அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து, மனைவி போனபின் நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்ச் சர் ஆம்புரோஸுக்குச் செய்தி சொன்னதும் அவன்தான். பொக்கிஷம் கண்டுபிடித்ததாக நினைத்து, தானே போய்ச் சொன்னான்.

மாலை நான்கு மணிக்கு அவர் வந்தார். நான் தேநீர்த் தட்டை அங்கேயே கொண்டுபோனேன். லென் பூச்சை முழுக்க இறக்கியிருந்தான். நாலு ஜோடியும் தெரிந்தன. சர் ஆம்புரோஸ் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகுதான்" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு வியாழக்கிழமைதானே வர்றா?"

"ஆமா சார். பாத்தா ஆடிப் போயிடுவா. உடனே முதல் தரத்துக்கு ஏத்திடுவாங்க."

"ஏத்துவாங்க. அப்புறம் இந்தக் கட்டுல கைய வைக்க முடியாது. ஓட்டல்காரன் அடுத்த ரயிலப் பிடிச்சிருவான்." கோப்பையை எடுத்துக்கொண்டார். "மரமெல்லாம் உளுத்துப் போயிருக்கு, இல்லையா லென்?"

"உளுக்கலையே சார். ஓக்கு. கத்திகூட எறங்கல."

"நான் உன்னக் கேக்கல, சொல்றேன். உளுத்துப் போயிருக்கு. எந்த நேரமும் விழும். ஆள் மேல விழப் போற கூரைய எறக்க எவனோட அனுமதியும் தேவையில்ல."

லென் தொப்பியைக் கையில் சுருட்டினான். "சார், இத வெட்டினா மறுபடி…"

"மறுபடி என்ன? இன்னைக்குக் காலை வரைக்கும் இது இருந்ததே யாருக்கும் தெரியாது. தெரியாதத எவன் தேடப் போறான்? புதன்கிழமைக்குள்ள முடிச்சிரு. நான் லண்டன் போறேன்." பிறகு, மிக மெதுவாக: "இந்த விற்பனை நடக்கலைன்னா எனக்கு இங்க ஆள் வச்சுக்க முடியாது லென். வாசல் வீட்டுல உன் தங்கச்சியும் இருக்கா. அவளையும் நெனச்சுப் பாக்கணும் இல்ல?"

அப்போதுதான் நான் நிற்பதைக் கவனித்ததுபோல என் பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை ரெண்டு, எனிட்."

இரண்டு போட்டேன். கலக்கியும் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் லென் சாப்பாட்டைத் தொடவில்லை. பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"முடியாதுன்னு சொல்லிட்டா?" என்றான்.

"சொல்லிட்டு எங்க போறது?"

"நீ அதப் பாத்தல்ல எனிட்? தொட்டுப் பாத்தல்ல?"

"பாத்தேன். மரம்தான லென்" என்றேன்.

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ருசி தெரியாமல் எல்லாவற்றையும் விழுங்கினான். அந்த இரண்டு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பானோ, எனக்குத் தெரியாது. யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சர் ஆம்புரோஸ் காலை ரயிலில் போனார். ஒன்பது மணிக்கு மோட்டார் ரம்பத்தின் சத்தம் ஆரம்பித்தது. நான் மாளிகையின் மறு கோடியில் வெள்ளிச் சாமான் துடைத்துக்கொண்டிருந்தேன், அங்கேயும் கேட்டது. பழைய ஓக் சாதாரணமாக அறுபடாது, அலறும். மத்தியானம் ரொட்டி கொடுக்கப் போனபோது கூடம் முழுக்கக் கறுப்பாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக் கரிதான். லென் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர எதுவும் தெரியவில்லை. ரொட்டியை வாங்கிச் சன்னல் மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

புதன்கிழமை மதியத்துக்குள் மூன்று ஜோடி தரையில் கிடந்தன. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

"ரம்பத்தோட சங்கிலி அறுந்துடுச்சு" என்றான்.

ரம்பம் கொட்டகையில் இருந்தது. சங்கிலி முழுதாகத்தான் இருந்தது. நான் கேட்கவில்லை. நான்காவது ஜோடி அப்படியே நின்றது.

ரூத் ஹாலத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரப்பர் பூட்ஸ் போட்டு, கையில் அட்டையோடு வந்தாள். முன்பக்கத்தைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு வடக்குக் கட்டுக்குள் நுழைந்தவள், கதவிலேயே நின்றுவிட்டாள். தரையில் கிடந்த மரத்தின் வெட்டுவாயைத் தடவினாள். வெளியே கரிக்கட்டை மாதிரி இருந்த மரம், உள்ளே நேற்று வெட்டியதுபோலத் தேன் நிறத்தில் இருந்தது. நேற்று வெட்டியதுதானே.

"யாருங்க இதச் செஞ்சது?" என்றாள்.

"நான்தான்" என்றான் லென்.

"யார் செய்யச் சொன்னது?"

"சர் ஆம்புரோஸ்."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

லென் சிரித்துவிட்டான். "எங்ககிட்ட அவர் எழுத்துல எதையும் குடுத்ததில்லம்மா. கிறிஸ்துமஸ் வாழ்த்தத் தவிர."

வெள்ளிக்கிழமை சர் ஆம்புரோஸ் திரும்பினார். கூடத்தின் நடுவில், அறுத்துப் போட்ட மரங்களுக்கு மத்தியில், பத்திரிகைக்காரன் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூச்சைச் சரிசெய்யத்தான் சொன்னேன், மேலே என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாது, என் வீட்டின் இதயத்தையே அறுத்துவிட்டான் என்றார். மறுநாள் அது படத்தோடு வந்தது.

கவுன்சில் வழக்குப் போட்டது. லென் மீது மட்டும்தான். சர் ஆம்புரோஸ் அந்த இரண்டு நாளும் லண்டனில் இருந்ததற்குச் சாட்சி சொல்ல அவருடைய கிளப்பில் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி நான் ஒருத்தி.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு நூலக அறைக்கு என்னை வரச் சொன்னார். அந்த அறையைத் தினமும் துடைத்தவள் நான். அதில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை.

"உக்காரு எனிட்."

உட்கார்ந்தேன்.

"லென் விஷயம் எனக்கு எவ்வளவு வேதனையா இருக்குன்னு சொல்ல முடியல. நல்ல மனுஷன். பெண்டாட்டி போனதுலேருந்து கொஞ்சம் நிதானம் இல்ல, அதுதான். பெரிசா எதுவும் ஆகாதாம், என் வக்கீல் சொல்றார்." சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நீ தேநீர வச்சுட்டு உடனே போயிட்ட, இல்லையா?"

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"இன்னொண்ணு. வாசல் வீட்ட உன் பேருக்கு ஆயுசுக்கும் எழுதி வைக்கலாம்னு இருக்கேன். இந்த வீடு யார் கைக்குப் போனாலும் உன்ன எவனும் வெளிய அனுப்ப முடியாது. இத்தன வருஷம் உழைச்சிருக்க, அதுக்குன்னு வச்சுக்கோயேன்."

மிரட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. அவர் மிரட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"ஆமா சார்" என்றேன். "வச்சுட்டுப் போயிட்டேன்."

நீதிமன்றத்துக்குப் போன காலை லென் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டான். நூலக அறையில் நடந்ததை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸுக்காக நின்றபோது, "பயப்படாத. தெரிஞ்சதச் சொல்லு, அது போதும்" என்றான். எனக்கு அவன் தைரியம் சொன்னான்.

கூண்டில் ஏறினேன். லென்னின் வக்கீல் கேட்டார்: "மிஸ் புரீஸ், திங்கட்கிழமை மாலை சர் ஆம்புரோஸ் உங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னார்?"

"தெரியாதுங்க."

"நீங்க அங்க இருந்தீங்க இல்லையா?"

"தேநீர வச்சுட்டு வந்துட்டேன். ஒண்ணும் காதுல விழலைங்க."

"அந்த மரங்கள அவர் பார்த்தாரா?"

"நான் இருந்தப்போ பூச்சு அப்படியேதான் இருந்துச்சு."

கடைசி வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகச் சேர்த்தேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் அது நன்றாக நிற்க வேண்டும் என்று தோன்றியது.

லென் என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் ரேகையில் கரி இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

அபராதமும், இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைத்த மூன்று மாதச் சிறையும் விதித்தார்கள். "ஆறு நூற்றாண்டுகள் காப்பாற்றி வைத்ததை இரண்டு நாளில் அழித்துவிட்டீர்கள்" என்றார் நீதிபதி. அண்ணன் "ஆமாங்க ஐயா" என்றான்.

அந்த வார முடிவில் மூட்டை கட்டினான். வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவைத்திருந்தான். பழைய கட்டடத்தை இனி யாரும் அவனைத் தொட விடமாட்டார்கள். உளிப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் காலில் விழுந்திருப்பேன்.

"பின் கதவு கீழ ஒரசுது" என்றான். "மழைக்கு முன்னால யாரையாவது கூப்பிட்டுச் சீவிடு. ஊறிப்போச்சுன்னா தெறக்க வராது."

போய்விட்டான்.

ஓட்டல்காரன் வாங்கவில்லை. நின்றிருந்த அந்த ஒரு ஜோடியைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து துளைத்து, மர வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். 1386ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வெட்டிய மரம் என்று கண்டுபிடித்தார்கள். மாளிகைக்கு முதல் தரம் கிடைத்தது. சில வருடத்தில், வரிப் பாக்கிக்கு ஈடாக அரசாங்கம் அதை எடுத்து ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. சர் ஆம்புரோஸுக்கு மேல்மாடி முழுக்க ஆயுசுக்கும் கிடைத்தது. மாளிகையைப் பொதுமக்களுக்குத் தந்த பெருந்தகை என்று முன் கூடத்தில் அவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். வடக்குக் கட்டில் மற்ற மூன்று ஜோடிகள் நின்ற இடத்தைத் தரையில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டி, ஒரு பலகை வைத்தார்கள். "1984இல் ஒரு கட்டடத் தொழிலாளியின் அறியாமையால் இவை அழிந்தன."

மாளிகை திறந்தபோது சுற்றிக் காட்ட ஆள் தேவைப்பட்டது. என்னைவிட அந்த வீட்டை யாருக்குத் தெரியும் என்றார்கள். நீலக் கோட்டும் பெயர் அட்டையும் கொடுத்தார்கள். அட்டையில் எனிட் என்று மட்டும்தான் போடச் சொன்னேன். பேச வேண்டியதையும் அச்சடித்துத் தந்தார்கள். அந்தப் பலகை வாக்கியமும் அதில் இருந்தது. முதல் வாரம் அந்த இடத்தில் இருமல் வந்தது. இரண்டாவது வாரம் வரவில்லை. கோடையில் நாளைக்கு நான்கு தடவை சொல்வேன்.

லென்னிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். "அன்புடன்" என்றுகூட இருக்காது. பெயர் மட்டும்.

1995 ஜூலையில் ஒரு நாள், மூன்று மணிச் சுற்றுக்கு வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். முன்பக்கம், படிக்கட்டு, நூலகம் என்று வழக்கம்போல அழைத்துப் போனேன். வடக்குக் கட்டுக்கு வந்து, நின்றிருந்த வளைமரத்தைக் காட்டத் திரும்பியபோதுதான் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், சட்டையில் நுழைவுச் சீட்டை ஒட்டிக்கொண்டு, லென். மெலிந்திருந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான், தேவாலயத்துக்குள் வந்ததுபோல.

எனக்கு முன்னால் இருபது முகங்கள் காத்திருந்தன.

"இதுபோல நான்கு ஜோடிகள் இருந்தன" என்றேன். குரல் நன்றாகவே வந்தது. "1984இல் ஒரு கட்டடத் தொழிலாளியின் அறியாமையால் மூன்று அழிந்தன."

"அடப்பாவி!" என்றாள் ஒரு கிழவி.

முன்னால் நின்ற பெருத்த மனிதர் மேலே பார்த்தார். "அந்தத் தடிமாட்ட இந்த உத்திரத்துலயே கட்டித் தொங்க விட்டிருக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். லென்னும் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் தோளைத் தட்டி, "நீயும் கட்டட வேலை பாத்தவன்தானப்பா, நல்லவேளை அது நீ இல்ல!" என்றார்.

"அவன் இன்னும் உசிரோட இருக்கானாம்மா?" என்று அந்தக் கிழவி என்னைக் கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றேன். "வாங்க, அடுத்து பால் அறை."

சுற்று முடிந்தபின் தேநீர்க் கடைக்கு வெளியே பெஞ்சில் அவனைக் கண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தினமும் இதேதானா?" என்றான்.

"அவங்க எழுதிக் குடுத்தது லென்."

"தெளிவாத்தான் சொல்ற. பின்னால வரைக்கும் கேக்குது."

"நீ வர்றன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமே…"

"எழுதியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பியா?"

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் போய்ச் சொல்லிடறேன் லென். இன்னைக்கே. அறக்கட்டளைக்காரங்ககிட்ட எல்லாத்தையும்…"

"எதுக்கு?" அவன் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்கு. இன்னைக்குச் சொன்னா உனக்கு. உனக்கு மனசு லேசாகும். எனக்கு அறுபத்தஞ்சு வயசாச்சு எனிட்."

"பின்ன ஏன் வந்த?"

"அந்த நாலாவது ஜோடியப் பாக்கத்தான் வந்தேன். நல்லா வச்சிருக்காங்க. மேல ஒரு முளை மட்டும் புதுசா போட்டிருக்கான், சரியில்ல." எழுந்தான். பஸ் ஹாரன் அடித்தது. "உன்னப் பாக்க வரல" என்றான். அடித்துச் சொல்லவில்லை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோலச் சொன்னான்.

அவன் வேண்டாமென்றும் நான் எழுதினேன். நான்கு பக்கம், சர்க்கரைவரை ஒன்றையும் விடவில்லை. ஆறு வாரம் கழித்து அறக்கட்டளையிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. என் வருத்தத்தைப் புரிந்துகொள்வதாகவும், ஆனால் நீதிமன்றப் பதிவுகளைத் தேடிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார்கள். அவற்றின்படி சர் ஆம்புரோஸ் அந்த மரங்களைப் பார்த்ததற்கு ஆதாரமில்லை. குறிப்பாக, அந்தத் திங்கட்கிழமை அங்கே இருந்த வீட்டுப் பொறுப்பாளரின் சாட்சியம் மிகத் தெளிவாக இருக்கிறது. அந்தச் சாட்சியத்தின் நகலையும் கூடவே வைத்திருந்தார்கள். என் கையெழுத்து நேராக, அழகாக இருந்தது. ஆனாலும் குடும்பத்தாரின் உணர்வை மதித்து, பலகையில் "அறியாமையால்" என்பதை "கவனக்குறைவால்" என்று மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். மாற்றினார்கள்.

நீலக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாசல் வீட்டை விட்டுப் போகவில்லை. போகலாம் என்று நினைத்தேன், பெட்டிகூட எடுத்தேன். அறுபது வயதில் எங்கே போவது என்று மறுபடியும் அதே கேள்வி வந்தது. அதே பதில்தான் கிடைத்தது.

அடுத்த பிப்ரவரியில் கிராமத்துக் கடையில் ஒருத்தி துக்கம் விசாரித்தாள். அவளுடைய மைத்துனன் வுல்வர்ஹாம்ப்டனில் இருக்கிறான். லென் போய்ப் பத்து நாளாகியிருந்தது. நுரையீரல். கவுன்சில் செலவிலேயே எரித்துவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இளம் நர்ஸ் ஒருத்தி பேசினாள். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"புரீஸ்… ஆமாங்க, இருந்தார். சத்தமே போடாத மனுஷன். சொந்தக்காரங்க பேரு கேட்டோம், யாரும் இல்லைன்னு அவரே எழுதிக் குடுத்துட்டார். அதான் யாருக்கும் சொல்ல முடியல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க அவருக்கு என்ன வேணுங்க?"

தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரே ஊருங்க" என்றேன்.